சிட்னியின் முடிவுப் பட்டியல்: பார்வையற்ற வாசகர் ஒருவரின் வழக்கு

ஒலிம்பிக் விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் ஓடியவர்களையும் தாண்டியவர்களையும் எழுதுகின்றனர். அரசியல் நாட்டம் உடையோர் எந்த நாடு எந்த ஆண்டில் புறக்கணித்தது என்பதையும் எழுதுவர். போட்டிகளின் முடிவைப் படிக்க விரும்பியவர்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. எழுதுவதற்கு அதில் ஒன்றும் இருப்பதாகவும் தோன்றாது. எனினும் 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக்கைப் பொறுத்தவரை, அப்படி ஒரு வாசகரின் பெயர் ஆணையத் தீர்ப்பு ஒன்றின் தலைப்பிலேயே நின்றுவிட்டது. புரூஸ் மகுவையர் என்பது அவர் பெயர். எதிர்த்தரப்பு, சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழு.

மகுவையர் பிறவியிலேயே பார்வையற்றவர். 1999ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மனித உரிமை மற்றும் சம வாய்ப்பு ஆணையத்தில் அவர் முறையீடு செய்தார். நுழைவுச்சீட்டுகளை வாங்குவதற்கான விவரக் கையேடு அப்போதுதான் வெளியாகியிருந்தது. எந்த விளையாட்டு எந்த நாளில், எந்த அரங்கில், என்ன கட்டணம் என்னும் செய்திகள் அடங்கிய அந்நூல் பிரெய்ல் எழுத்தில் இல்லை என்பது முறையீட்டின் முதற்பகுதி. நினைவு மலரும் பிரெய்லில் வேண்டும் என்பது இரண்டாவது. குழுவின் இணையதளத்தைத் தம்மால் படிக்க இயலவில்லை என்பது மூன்றாவது. கையேடு பற்றிய பகுதி அவ்வாண்டிலேயே அவருக்குச் சார்பாக முடிந்தது. நாம் இங்கே பேச விரும்புவது மூன்றாவதைப் பற்றி. இணையதளம் ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டாத நிலையில் இருப்பது சட்டப்படி பாகுபாடு ஆகுமா என்பதை விசாரணை நடத்தித் தீர்மானித்த வழக்குகளில் உலக அளவில் இதுவே மிக முந்தியது எனக் கருதப்படுகிறது.

பார்வையற்ற ஒருவர் இணையப் பக்கத்தை எவ்வாறு படிக்கிறார் என்பதை அறியாமல் இவ்வழக்கை விளங்கிக்கொள்ள முடியாது. கணினித் திரையில் தோன்றும் எழுத்தைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் வாங்கிக் குரலாக்கித் தரும். அல்லது பிரெய்லாக மாற்றி, விசைப்பலகையின் கீழ் இருக்கும் ஒரு பட்டையில் சிறு ஊசிகளை மேலெழுப்பிக் காட்டும். விரல் ஒரு வரியைத் தடவி முடித்ததும் ஊசிகள் தாழ்ந்து அடுத்த வரிக்கு உரியவை எழும். மகுவையர் பயன்படுத்தியது இவ்விரண்டாம் வகைக் கருவி. (அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு எழுத்துகளை அவர் முதுகில் எழுதிக் காட்டிக் கற்பித்தனர் என்று நம் இலக்கிய வரலாற்றில் ஒரு செய்தி வழங்குகிறது. தோலின் வழியே எழுத்தை அறிதல் நமக்கும் முற்றிலும் அயலான எண்ணம் அன்று.) இந்தக் கருவிகள் யாவும் எழுத்தையே அறியும், படத்தை அறியா. பக்கத்தில் ஒரு படம் இருந்து, அதன் பின்னே அது இன்னது என்று ஒரு தொடர் எழுதி வைக்கப்பட்டிருந்தால் கருவி அத்தொடரைப் படிக்கும். இல்லையேல் 'படம்' என்று சொல்லும், அல்லது கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிக்கும், அல்லது வாளாவிருக்கும். அந்தத் தொடருக்கு மாற்றுரை என்று பெயர். ஒன்றை எழுத ஒரு நிமிடம் ஆகாது.

இவை எவையும் 1999இல் எவரும் அறியாத மறைபொருளாக இருக்கவில்லை. இணையத்தின் பொது நெறிகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அவ்வாண்டு மே 5ஆம் நாள் அணுகல் நெறிமுறைகளின் முதல் பதிப்பை வெளியிட்டிருந்தது. அதில் 14 நெறிகள். முதல் நெறியே படங்களுக்கு மாற்றுரை வேண்டும் என்பதுதான். மகுவையரின் முறையீடு பதிவானது அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து.

அவர் கேட்டவை மூன்று. படங்களுக்கும் படங்களாக அமைந்த இணைப்புகளுக்கும் மாற்றுரை வேண்டும். போட்டி நிரல் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் அகரவரிசைப் பக்கத்துக்குச் செல்ல வழி வேண்டும். போட்டிகள் நடைபெறும் நாள்களில் முடிவுப் பட்டியல்களைப் படிக்க இயல வேண்டும்.

இரண்டாவதற்குக் குழு சொன்ன மறுமொழி கவனிக்கத்தக்கது. அந்தந்த விளையாட்டுக்கு உரிய பக்கத்தின் முழு முகவரியையும் அவரே தட்டச்சு செய்து அங்கே போய்ச் சேரலாமே என்றது. முகவரி தெரிந்தால்தானே தட்டச்சு செய்வது? முகவரியைத் தருவதற்கென்றே அமைந்த பக்கம்தான் அவருக்கு எட்டாமல் இருந்தது. நூலகத்தில் நூற்பட்டியல் இருக்கும் அறையைப் பூட்டிவிட்டு, நூலின் வரிசை எண்ணைச் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறோம் என்று கூறுவது போன்ற விடை இது. விசாரணை ஆணையர் வில்லியம் கார்ட்டர் இதனை ஏற்கவில்லை.

மூன்றாவதாகிய முடிவுப் பட்டியலில்தான் வழக்கின் உயிர் இருந்தது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற ஒரே பதக்கம் கர்ணம் மல்லேசுவரி பெற்ற வெண்கலம். இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கமும் அதுவே. செப்டம்பர் 19ஆம் நாள், 69 கிலோ பிரிவு எடைத்தூக்குதல். ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்கும் முறையில் 110 கிலோ, தோளுக்கு ஏற்றிப் பின் உயர்த்தும் முறையில் 130 கிலோ, ஆக 240 கிலோ. தங்கம் வென்ற சீனாவின் லின் வெய்னிங் தூக்கியது மொத்தம் 242.5 கிலோ. வெள்ளி வென்ற ஹங்கேரியின் எர்ஷெபெட் மார்க்குஷ் தூக்கியதும் அதே 242.5 கிலோதான். இருவரில் உடல் எடை குறைந்தவருக்குத் தங்கம் என்பது விதி. ஆகவே அந்தப் பட்டியலில் உடல் எடை என்னும் பத்தியைத் தவறவிட்டவருக்குத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள வேறுபாடு புரியாது.

கண்ணால் பார்ப்பவர் எண்ணைப் பார்த்தவுடன் மேலே தலைப்பையும் இடப்புறம் பெயரையும் ஒருசேரப் பார்த்துவிடுகிறார். செவியாலோ விரலாலோ படிப்பவருக்கு அந்த ஒருசேரப் பார்த்தல் இல்லை. இன்ன எண் இன்ன தலைப்புக்கு உரியது என்று பட்டியலின் உள்ளமைப்பிலேயே குறித்து வைத்தால்தான் கருவி அதனைச் சொல்ல முடியும். குறிக்காவிட்டால் அவர் காதில் விழுவது 110, 130, 240 என எண்களின் ஓட்டம் மட்டுமே. எது உடல் எடை, எது தூக்கிய எடை, எந்த முயற்சி கைகூடியது என ஒன்றும் விளங்காது. பட்டியலின் தலைப்புகளைக் குறிக்க வேண்டும் என்பதும் 1999ஆம் ஆண்டின் நெறிமுறைகளில் தலையாய தரத்தில் வைக்கப்பட்ட விதிதான்.

குழு இதனை மறுத்தது எண்களைக் கொண்டு. முடிவுப் பட்டியல்களுக்கு 1,295 வார்ப்புருக்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் திருத்த இரண்டு மணி நேரம் ஆகும். தளம் முழுவதையும் சீர்செய்ய ஒருவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைத்தால் 368 நாள்கள் வேண்டும். புதிய கருவிகளையும் சேர்த்தால் செலவு இருபது லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும். 1992ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் 'நியாயப்படுத்த இயலாத இடர்ப்பாடு' என்று ஒரு விலக்கு உண்டு. ஒருவருக்கு உரிமையை வழங்குவதால் மற்றவருக்கு அத்தகைய இடர்ப்பாடு நேருமாயின் வழங்க வேண்டியதில்லை. அந்த விலக்கின்கீழ் நுழைவதற்காகவே இத்தனை எண்களும்.

இந்த 368ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1,295 வார்ப்புருக்களை இரண்டால் பெருக்கினால் 2,590 மணி நேரம். எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 324 நாள்கள். எஞ்சியவை பிற வேலைகளுக்கு எனக் கொள்ளலாம். கணக்கு தவறன்று. ஆனால் ஒரு வார்ப்புருவைத் திருத்தும் முறை தெரிந்தபின் அடுத்ததற்கும் அதே இரண்டு மணி நேரம் ஏன் ஆக வேண்டும்? நூறு மீட்டர் ஓட்டத்தின் பட்டியலும் இருநூறு மீட்டர் ஓட்டத்தின் பட்டியலும் ஒரே அமைப்பு உடையவை அல்லவா? அனைத்துக்கும் மேலாக, அந்தக் கணக்கில் ஏன் ஒரே ஓர் ஆள்? தளத்தை அமைத்தது ஐ.பி.எம். நிறுவனம். அங்கே ஆளுக்குப் பஞ்சம் இருந்திருக்க இயலாது.

மகுவையரின் தரப்பில் இரு வல்லுநர்கள் சான்று கூறினர். ஒருவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் யுட்டா டிரெவிரேனஸ். மற்றவர் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கத்தின் முன்னாள் தலைவர் டாம் வொர்திங்டன். வார்ப்புருக்களின் உண்மையான எண்ணிக்கை 1,295ஐ விட மிகக் குறைவு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் ஆகாது, செலவு சிறிது, அனுபவமுள்ள ஒருவரின் கீழ் ஒரு சிறு குழு நான்கு வாரங்களில் முடித்துவிடும் என்பது அவர்கள் மதிப்பீடு. ஒரே தளம்; ஒரு தரப்புக்கு அது ஓராண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு, மறுதரப்புக்கு நான்கு வாரம். ஆணையர் வல்லுநர்களின் மதிப்பீட்டையே ஏற்றார்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. பொதுமக்களுக்குச் செய்தி வழங்குவதற்காக அமைந்த இணையதளம் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்லும் சேவையே. பார்வையுள்ளோருக்கு வழங்கும் அச்சேவையைப் பார்வையற்றவருக்கு எட்டாதபடி வைத்திருப்பது பாகுபாடு. இடர்ப்பாடு என்னும் வாதம் நிலைக்காது. எனவே மூன்று குறைகளையும் செப்டம்பர் 15ஆம் நாளுக்குள் களைய வேண்டும். அந்த நாள் ஒலிம்பிக்கின் தொடக்க நாள். இடையே இருந்தவை 22 நாள்கள்.

குழு சிலவற்றைச் செய்தது, முழுமையாகச் செய்யவில்லை. அக்டோபர் 1ஆம் நாள் விளையாட்டுகள் முடிந்தன. நவம்பர் 6ஆம் நாள், தீர்ப்பு ஓரளவே நிறைவேற்றப்பட்டது என்று கண்ட ஆணையம், மகுவையருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்குமாறு பணித்தது.

வழக்கை எடுத்துரைப்போர் பலரும் இங்கே நிறுத்தி, நீதி வென்றது என்று மகிழ்வர். நமக்கு அந்த மகிழ்ச்சி முழுதும் வாய்க்கவில்லை. இவ்வழக்கை நாள்களின் கணக்காக எழுதிப் பார்த்தால் வேறொரு வரலாறு தென்படுகிறது. முறையீடு பதிவான நாளிலிருந்து தொடக்க விழா வரை 466 நாள்கள். குழு தானே சொன்ன 368 நாள் வேலையை அன்றே தொடங்கியிருந்தால், விடுமுறைகளைக் கழித்த பின்னும், இரண்டே ஆள்கள் முடித்துவிட்டு ஓய்வெடுத்திருக்கலாம். தொடங்காமல் வழக்காடியது, வழக்காடிக் கழித்த காலத்தையே பின்னர் காலம் போதாமைக்குக் காரணமாக முன்வைத்தது. அணை கட்டுவதிலோ பள்ளி நடத்துவதிலோ இத்தகைய காலந்தாழ்த்தல் கேடுதான். ஆயினும் தாமதமாகவேனும் பயன் வந்து சேரும். விளையாட்டு விழாவில் அதற்கு வழியில்லை. பதினேழே நாள்கள். செப்டம்பர் 25ஆம் நாள் இரவு கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டரை 49.11 நொடியில் ஓடி முடித்ததும் ஆஸ்திரேலியா முழுவதும் அந்த எண்ணைப் பேசியது. அந்த இரவில் அந்த எண்ணைத் தானே படித்தறிய வேண்டும் என்பதே மகுவையர் கேட்டது. நவம்பரில் வந்த பணம் அந்த இரவைக் கொண்டுவரவில்லை. அமைப்புக் குழுவோ விழாவுக்கென்று பிறந்து விழாவோடு கலையும் அமைப்பு. அடுத்த முறை திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு அதற்கு அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

சட்டத்தின் பக்கமும் ஓர் ஓட்டை இருந்தது. 1995இல் ஆஸ்திரேலியாவின் உச்ச நிலை நீதிமன்றம் பிராண்டி என்னும் வழக்கில், இந்த ஆணையத்தின் முடிவுகளை நீதிமன்றத் தீர்ப்புகளைப் போல நிறைவேற்றுவது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று கூறிவிட்டது. எதிர்த்தரப்பு பணியாவிட்டால், முறையீடு செய்தவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்று மீண்டும் தொடங்க வேண்டும். 22 நாள்களில் அது கூடுமா?

இன்னொன்றையும் இங்கே எண்ணிப் பார்க்கிறோம். மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கும் விளையாட்டுகளுக்கு அப்போதே அரை நூற்றாண்டு வரலாறு இருந்தது. 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அங்கிருந்து வளர்ந்ததே பாராலிம்பிக். 1976இல் டொராண்டோவில் பார்வையற்ற வீரர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். சிட்னியிலேயே ஒலிம்பிக் முடிந்து பதினேழாம் நாள், அக்டோபர் 18இல், பாராலிம்பிக் தொடங்கி 3,800க்கும் மேற்பட்ட வீரர்கள் பங்கேற்றனர். பார்வையற்றவர் ஓடலாம், நீந்தலாம் என்பதை ஏற்று வெகுகாலம் ஆன பின்னும், அவர் வீட்டில் அமர்ந்து பிறர் ஓடியதைப் படிக்க விரும்பும் சாதாரண ரசிகராக இருக்கக்கூடும் என்பது அந்தத் தளத்தை அமைத்தவர்கள் மனத்தில் உதிக்கவில்லை. சாதனையாளராக அவரைக் கற்பனை செய்வதில் யாருக்கும் தடையில்லை. வாசகராகக் கற்பனை செய்வதில்தான் தடை.

இலக்கியம் படிக்கும் நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லோம். பார்வையற்ற மாணவர் பலர் தமிழ் இலக்கியத்தைப் பாடமாகக் கொள்கின்றனர் என்பது தமிழகக் கல்லூரிகளில் பணியாற்றும் எவரும் அறிந்தது. நண்பர் ஒருவர் உரக்கப் படிக்க, அதனை ஒலிநாடாவில் பதிந்து மீண்டும் மீண்டும் கேட்டுத் தேர்வெழுதிய தலைமுறைகள் உண்டு. இணையத்தில் தமிழ் பரவத் தொடங்கியபோது அவர்களுக்கு ஒரு வாயில் திறந்திருக்க வேண்டும். ஆனால் ஒருங்குறி பரவலாவதற்கு முன்பு ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஒட்டிவைத்த ஏற்பாடு அது. திரையில் செய்யுள் அழகாகத் தோன்றும். திரைவாசிப்பானுக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். சில இதழ்கள் பக்கங்களைப் படமாகவே ஏற்றின. ஒருங்குறி பரவிய பிறகே, தமிழை ஒலிக்கும் குரல்களோடு இம்மாணவர்கள் தாமே படிக்கத் தொடங்கினர். அவ்வகையில் பெரிதும் உதவிய என்.வி.டி.ஏ. என்னும் விலையில்லாத் திரைவாசிப்பானை 2006இல் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர். உடன் உழைத்தவர் ஜேம்ஸ் டே, அவரும் பார்வையற்றவர். இருவரும் ஆஸ்திரேலியர்.

சிட்னியின் பாடம் அடுத்து வந்த நகரங்களுக்கு எட்டியதா? 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் குழு 2012 ஒலிம்பிக்கின் சின்னத்தை வெளியிட்டது. உடன் வெளியான அசைபடத்தில் ஒளி வேகமாக மின்னி மாறும் ஒரு பகுதி இருந்தது. அதனைக் கண்டு சிலருக்கு வலிப்பு வந்ததாகச் செய்திகள் வெளியாயின. குழு அப்பகுதியைத் தன் தளத்திலிருந்து அகற்றியது. திரையை மினுக்கச் செய்யாதீர் என்பதும் மேலே சொன்ன 1999ஆம் ஆண்டின் நெறிமுறைகளில், தலையாய தரத்திலேயே, இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்தும் படித்துப் பார்க்க ஆளில்லை. எனினும் சிட்னியில் 466 நாள்கள் ஆகியும் முழுதாக நடவாதது லண்டனில் உடனே நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாற்றுத்திறனாளி தன் உரிமையைக் கேட்டதற்கும், பலருக்கு உடனடி ஆபத்து என்ற செய்தி பரவியதற்கும் உள்ள வேறுபாடாகவும் இருக்கலாம்.

2006இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த உடன்படிக்கையை ஏற்றது. அதன் 9ஆம் பிரிவு இணையத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. 30ஆம் பிரிவு பண்பாட்டையும் விளையாட்டையும் பேசுகிறது. 2008 டிசம்பரில் வலைக் கூட்டமைப்பின் நெறிமுறைகள் இரண்டாம் பதிப்பைக் கண்டன. சட்டக் கல்லூரிகளில் இன்று மகுவையர் வழக்கு ஒரு பாடம். இணையதளம் சேவையா என்னும் கேள்வியை ஆஸ்திரேலியாவில் இனி எவரும் புதிதாக எழுப்ப வேண்டியதில்லை. பிற நாட்டு வழக்கறிஞர்களும் இத்தீர்ப்பை முன்வைத்து வாதிட்டுள்ளனர்.

மகுவையர் படிக்க முயன்ற தளத்தின் முகவரி ஒலிம்பிக்ஸ்.காம். அமைப்புக் குழு கலைந்து, அந்த 2000ஆம் ஆண்டுப் பக்கங்களும் அம்முகவரியிலிருந்து மறைந்துவிட்டன. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு தன் தளத்துக்கு அதே முகவரியைச் சூட்டிக்கொண்டது. சிட்னியின் முடிவுகள் இன்று அங்கே புதிய பட்டியல்களாக இருக்கின்றன.